கார் வாஷ் பம்பை மாற்றப் போய் நான் இழந்த பதினேழு நாட்கள்

வாரத்திலேயே அதிக வண்டிகள் வரிசையில் நிற்கும் ஒரு காலை நேரத்தில், என் வாட்டர் சர்வீஸில் இருந்த ஒரே பம்பு நின்றுபோனது. மோட்டார் உறுமியது, பம்பு சுற்றவில்லை. அன்று வந்திருந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்துவிட்டு, ஈரத் தரையில் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த ஒரே எண்ணம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேறொரு பம்பை வாங்கி மாட்டிவிட வேண்டும் என்பதுதான். அந்த அவசரத்தினால் பதினேழு நாட்கள் தொழில் முடங்கியது. சரியான பம்பு ஒன்றின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பணமும் கையை விட்டுப் போனது. இதைப் பற்றி அப்போது எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பழைய பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்கியது. அது மூன்று பிளஞ்சர்கள், அதாவது முன்னும் பின்னும் போய்வந்து தண்ணீரைத் தள்ளும் தண்டுகள், கொண்ட வழக்கமான பித்தளைத் தலைப் பம்பு; தண்ணீர் போகும் பகுதியைத்தான் தலை என்பார்கள். நின்றுபோவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே அது எனக்கு அறிகுறிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்திருக்கும்போது ஹோஸ் நாடித்துடிப்பைப் போல விட்டுவிட்டு அதிர்ந்தது, பிரஷர் கேஜின் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது, பம்பின் தலைக்கும் எண்ணெய் இருக்கும் பகுதிக்கும் இடையில், அடிப்புறமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. எண்ணெய் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிந்த நிறம் பால் கலந்த தேநீரைப் போல மாறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டேன். இப்போது தெரிந்துகொண்டபடி, ஹோஸ் துடிப்பது பெரும்பாலும் பம்பில் உள்ள ஆறு வால்வுகளில் ஏதோ ஒன்று சரியாக மூடவில்லை என்பதற்கு அடையாளம். அடியில் சொட்டுவது, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். எண்ணெய் வெளுப்பது அந்தத் தண்ணீர், பிளஞ்சர்களை ஆட்டும் கிராங்க் இருக்கும் அறைக்குள் போய்விட்டது என்பதற்கு அடையாளம். சொட்டத் தொடங்கிய வாரத்திலேயே ஒரு சீல் கிட்டையும் வால்வு கிட்டையும் மாற்றி, எண்ணெயையும் மாற்றியிருந்தால், பம்பின் விலையில் ஒரு சிறு பகுதியோடு முடிந்திருக்கும். மூன்று மாதம் தண்ணீர் கலந்த எண்ணெயில் ஓடியதால் உள்ளே பேரிங்குகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. பின்னர் நானே அதைப் பிரித்துப் பார்த்தபோது, பீங்கான் பிளஞ்சர்கள் மூன்றில் இரண்டு கண்ணாடி போல வழவழப்பாகவே இருந்தன. அவற்றைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

எனவே, பம்பு பழுதாகிவிட்டது என்று நினைக்கும் எவரும் கடைக்குப் போவதற்கு முன்பு சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பிரஷர் குறைந்தால் முதலில் கன்னின் முனையில் உள்ள நாசிலை மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் தேய்ந்த நாசிலின் துளை பெரிதாகி, பம்பு நன்றாக இருந்தாலும் பிரஷர் இறங்கிவிடும். எல்லாவற்றிலும் மலிவான பாகம் அதுதான். அடுத்து, தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் உள்ள ஃபில்டர். அதன் பிறகு பெல்ட் வழுக்குகிறதா என்பது. பிறகு அன்லோடர் வால்வு. கன்னை மூடியதும் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் அந்த வால்வு உட்கார்ந்து மூடும் இடம் தேய்ந்திருந்தால், கன் திறந்திருக்கும்போதும் தண்ணீர் அந்த வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பின் தலையைக் கழற்ற வேண்டும். அதிலும் வால்வும் சீலும் போக, பிளஞ்சரில் கீறலோ, தலையில் அரிப்போ, கிராங்க் பேரிங்கில் ஆட்டமோ இருந்தால் மட்டுமே புதிய பம்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான் இவை எதையும் பார்க்கவில்லை. பழைய பம்பின் பெயர்ப்பலகை தண்ணீரும் சோப்பும் பட்டுப்பட்டு அழிந்திருந்தது. அதில் 120 பார் என்ற பிரஷர் எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கடையில் நான் சொன்னதும் அந்த ஒரே எண்ணைத்தான். விற்பனையாளர் 200 பார், நிமிடத்திற்கு 21 லிட்டர் என்று எழுதியிருந்த ஒரு பம்பைக் காட்டி, “இது அதைவிடப் பெரியது சார், கஷ்டப்படாமல் ஓடும்” என்றார். பெரிய எண், அதிக உழைப்பு என்று என் மனமும் கணக்குப் போட்டது. பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

முதல் சிக்கல் அன்று மாலையே வந்தது. என் பழைய பம்பு, மோட்டாரின் ஷாஃப்ட்டுக்கு, அதாவது சுழலும் தண்டுக்கு மேல் நேரடியாகச் செருகும் வகை. அதன் நடுவே 28 மில்லிமீட்டர் துளை இருந்தது. புதியதோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 24 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கொண்டது. இரண்டையும் இணைக்க ஒரு கப்ளிங்கும், மோட்டாருக்கும் பம்புக்கும் இடையே பொருத்தும் மணி வடிவக் கூடும் தேவைப்பட்டன. அவை வந்து சேர நான்கு நாட்கள் ஆயின, அவற்றுக்கான செலவு தனி. பம்பு வாங்கப் போகும் எவரும் பழைய பம்பைக் கழற்றி, ஷாஃப்ட் துளையா தண்டா, அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தண்டை வழுக்காமல் பூட்டும் சாவிக்காடி எவ்வளவு அகலம், பொருத்தும் போல்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், தண்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அரை மணி நேர வேலை அது. அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் நான் நான்கு நாட்களைக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் பம்பை ஓட்டினோம். வீச்சு அருமையாக இருந்தது. எனக்கு மனம் நிறைந்துபோனது. ஆனால் ஏழு நிமிடத்தில், அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழுந்தது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் விழுந்தது. வயரிங் பார்க்க வந்தவர், “ரிலேயைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் நிற்காது” என்றார், நானும் சரி என்று தலையாட்டினேன். இதுதான் நான் செய்த மிகப் பெரிய தவறு. அப்படி ஓட்டிய இரண்டாம் நாள் மாலை, எரிந்த வார்னிஷ் வாசனை எழுந்தது. கையை மோட்டாரின் மேல் வைக்க முடியவில்லை. காயில் போய்விட்டது. காயிலைப் புதிதாகச் சுற்றி, அதாவது ரீவைண்டிங் செய்து வாங்க ஐந்து நாட்கள்.

அந்த ஐந்து நாட்களில் ரீவைண்டிங் செய்த மெக்கானிக் அண்ணன்தான் எனக்கு முதன்முதலாக ஒரு விஷயத்தை விளக்கினார். அதை நான் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன். “தம்பி, இந்த வகைப் பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை, தண்ணீரை மட்டும்தான் தள்ளுகிறது. அந்தத் தண்ணீரை நாசில் மறிப்பதால்தான் பிரஷர் ஏறுகிறது” என்றார். பிளஞ்சர் பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து தள்ளும். வேகம் மாறினால் ஒழிய அந்த அளவு மாறாது. ஆகவே பம்பின் மேல் எழுதியுள்ள 200 பார் என்பது அது தாங்கக்கூடிய எல்லையே தவிர, அது தரப்போகும் பிரஷர் அல்ல. எவ்வளவு பிரஷர் வரும் என்பதை, எத்தனை லிட்டர் தண்ணீர் எந்த அளவு நாசில் வழியாகப் போகிறது என்பதே முடிவு செய்கிறது. அதிலும் நாசிலை மாற்றாமல் தண்ணீரின் அளவை மட்டும் கூட்டினால், பிரஷர் அதே விகிதத்தில் கூடாமல் விகிதத்தின் வர்க்கமாகக் கூடும். என் பழைய பம்பு 15 லிட்டர் தள்ளி 120 பார் தந்தது. அதே நாசில் வழியாக 21 லிட்டரும் போக வேண்டுமானால் பிரஷர் ஏறத்தாழ இரட்டித்து, 235 பார் வரை ஏறியிருக்கும். நல்ல வேளையாக அன்லோடர் 120 பாரில் திறந்து மீதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இல்லையென்றால் பழைய ஹோஸ் வெடித்து யாருக்காவது காயம் பட்டிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

மோட்டார் ஏன் எரிந்தது என்பதற்கும் அவர் அதே தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பாரை நிமிடத்திற்கான லிட்டரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச்சேரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். பம்பில் வீணாவதையும் சேர்த்து, அதை 0.85 ஆல் வகுத்தால் மோட்டார் தர வேண்டிய சக்தி வரும். பழைய பம்புக்கு 120 பெருக்கல் 15 வகுத்தல் 600, அதாவது 3 கிலோவாட். வீணாவதைச் சேர்த்தால் சுமார் 3.5. என் மோட்டார் 4 கிலோவாட், அதாவது ஏறக்குறைய ஐந்தரை குதிரைத் திறன், சரியாகப் போதும். புதிய பம்பிலோ, நாசில் வழியாகப் போனாலும் அன்லோடர் வழியாகத் திரும்பினாலும் 21 லிட்டர் முழுவதையும் 120 பாருக்கு ஏற்றியாக வேண்டும். அதற்கு 4.2 கிலோவாட், வீணாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ 4.9. பெயர்ப்பலகையில் 8.1 ஆம்பியர் என்று இருந்த மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தது எதனால் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரிலே தன் கடமையைச் சரியாகச் செய்தது. அதன் வாயை அடைத்தது நான். அந்தப் பம்பை அதன் முழு 200 பாரில் ஓட்ட நினைத்திருந்தால் 8 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்கும், அதாவது பதினொரு குதிரைத் திறன். கையில் உள்ள மோட்டாரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அது எத்தனை லிட்டரை எத்தனை பாரில் தாங்கும் என்று கண்டுபிடித்த பிறகே பம்பைத் தேட வேண்டும். புதிய பம்பை ஓட்டிய முதல் பத்து நிமிடத்திலேயே மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரைப் பார்த்துவிடுவது, ரீவைண்டிங் செலவைத் தவிர்க்கும்.

மோட்டார் திரும்பி வந்ததும் ரிலேயைப் பழைய இடத்திலேயே வைத்தேன். சுமையைக் குறைக்க அன்லோடரை 90 பாருக்கு இறக்கினேன். கணக்குப்படி 3.7 கிலோவாட், ரிலே விழவில்லை. வீச்சு குறைந்துவிட்டது என்றாலும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தொடக்கத்திலிருந்தே பம்பிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படியொரு சத்தம். புதிய பம்பு, போகப் போகப் பழகிவிடும் என்று எண்ணினேன். மோட்டார் திரும்பி வந்த ஒன்பதாம் நாள், ஒரு பெரிய வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கன்னிலிருந்து தண்ணீரும் காற்றுமாகச் சீறி வந்து, பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது. தொட்டி வற்றிவிட்டது. அதைக் கவனிக்காமல் சில நிமிடங்கள் பம்பு உலர்ந்தே ஓடியிருக்கிறது. பதறிப்போய்த் தொட்டியில் தண்ணீரை நிரப்பி வால்வைத் திறந்தேன். உள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டது. சூடேறியிருந்த பீங்கான் பிளஞ்சரின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டு, அது நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. அந்த விரிசலின் விளிம்பு ரம்பம் போலச் சீலைத் தின்றுவிட, பத்து நிமிடத்தில் பம்பின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. உலர்ந்து ஓடிய பம்பை நிறுத்தி, தொட்டுப் பார்த்து, முழுக்க ஆறிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும் என்று யாராவது முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம். கடையில் கேட்டபோது, உலர ஓட்டியதால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் வராது என்று தாளைக் காட்டிவிட்டார்கள். அந்த வரி முதலிலிருந்தே அதில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அன்று இரவுதான், வாங்குவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினேன். முதலில் தொட்டிக்கு வரும் தண்ணீர். 20 லிட்டர் வாளியை மிதவை வால்வின் கீழே வைத்துக் கைபேசியில் நேரம் பார்த்தேன். நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது, அதாவது நிமிடத்திற்கு 10 லிட்டர். நாசில் வழியாகவோ, முழு பிரஷரில் 15 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. தொட்டி நூறு லிட்டர்தான். இடைவிடாமல் அடித்தால் இருபது நிமிடத்தில் அது வற்றியே தீரும். மிதவை வால்வைக் கழற்றினேன். உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவு உள்ளே அடுக்கடுக்காகப் படர்ந்து, சுண்டுவிரல் நுழைய வேண்டிய துளை ஒரு பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பழைய பம்பும் இதே பஞ்சத்தில்தான் மாதக்கணக்கில் காற்றைக் குடித்து ஓடியிருக்கிறது; அதன் சீல்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்பதற்கான விடை, என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்குவதற்கு முன்பு பழையது ஏன் செத்தது என்று நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காததால், அதே மரணத்தைப் புதியதற்கும் கொடுத்தேன்.

அடுத்து உறிஞ்சும் பக்கம். தொட்டியிலிருந்து பம்பு வரை நான்கு மீட்டர் நீளத்திற்கு அரை அங்குல ஹோஸும், இடையே மூன்று எல்போக்களும் இருந்தன. ஹோஸை வெட்டிப் பார்த்தபோது உட்புற ரப்பர் பிரிந்து நாக்கு போலத் தொங்கியது. பம்பு இழுக்கும்போதெல்லாம் அந்த நாக்கு வழியை அடைத்திருக்கும். கூழாங்கல் சத்தத்தின் காரணமும் இதுதான். தேவையான தண்ணீர் கிடைக்காதபோது பம்பின் உள்ளே அழுத்தம் குறைந்து, தண்ணீரிலேயே ஆவிக் குமிழிகள் தோன்றி, அடுத்த நொடியே உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் ஒரு சிறு சுத்தியல் அடி. பித்தளைத் தலையில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழுவதும், வால்வுகள் நொறுங்குவதும் அதனால்தான். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தக் குமிழிகள் இன்னும் எளிதாகத் தோன்றும். என் அமைப்பில் அன்லோடரிலிருந்து திரும்பும் தண்ணீரைப் பம்பின் வாய்க்கே நேராகக் கொடுத்திருந்தேன். 90 பாரில் நாசில் 13 லிட்டரைத்தான் வெளியே விட்டது, மீதி 8 லிட்டர் அந்தச் சிறு வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கன்னை மூடினால் 21 லிட்டரும் சுற்றியது. சுற்றச் சுற்றத் தண்ணீர் சூடேறும். வழக்கமான பம்புகளின் சீல்கள் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் தாங்கும். திரும்பும் தண்ணீரைத் தொட்டிக்கே கொண்டுபோய்விட்டால் அது ஆறும். அப்படி முடியாத இடத்தில், குறிப்பிட்ட சூட்டில் தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றும் வெப்ப வால்வு ஒன்றைப் பம்பின் தலையில் பொருத்துவதும், கன்னை மூடிவைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டுப் போகாமல் இருப்பதும் கட்டாயம்.

இதற்கிடையே, மனம் தளர்ந்துபோன ஒரு பொழுதில் இன்னொரு பம்பை வாங்கிவிடலாம் என்றும் தேடினேன். விலை குறைவாக, நிமிடத்திற்கு 4 கேலன் என்று ஒன்று கிடைத்தது. கையில் கணக்கு இருந்ததால் இம்முறை தப்பித்தேன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், எந்த கேலன் என்பதைப் பொறுத்து அது 15 லிட்டராகவும் இருக்கலாம், 18 லிட்டராகவும் இருக்கலாம். விசாரித்ததில் அமெரிக்க கேலன்தான் என்று தெரிந்து, 15 லிட்டர்தானே என்று மகிழ்ந்தேன். பிறகு சிறிய எழுத்தில் நிமிடத்திற்கு 1750 சுற்று என்று இருப்பதைக் கண்டேன். அது 60 சைக்கிள் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டாரின் வேகம். நம் ஊரின் 50 சைக்கிளில் அதே மோட்டார் ஏறத்தாழ 1450 சுற்றுதான் சுற்றும். அப்போது 15 லிட்டர் என்பது 12.5 ஆகும், என் நாசிலில் பிரஷர் 83 பாருக்கு இறங்கிவிடும். எத்தனை லிட்டர் என்று கேட்கும்போதெல்லாம் எத்தனை சுற்றில் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். இன்னொன்று, 2800 சுற்றில் ஓடும் சிறிய பம்புகள் விலை குறைவாகவும் பார்வைக்கு அடக்கமாகவும் இருக்கும். ஆனால் ஒரு நாளில் பல மணி நேரம் ஓட வேண்டிய தொழிலுக்கு 1450 சுற்றோ அதற்கும் குறைவாகவோ ஓடும் பம்புதான் ஏற்றது. அதே ஒரு மணி நேரத்தில் சீலின் மேல் பிளஞ்சர் உரசும் தடவைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அந்தச் சுற்றுக் கணக்குதான் வாங்கிய பம்பையும் காப்பாற்றியது. 1450 சுற்றில் 21 லிட்டர் தள்ளும் பம்பு, எனக்குத் தேவையான 15 லிட்டரைத் தள்ள 1035 சுற்று சுற்றினால் போதும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்பதால் பெல்ட் போட முடியும். நான்கு நாட்கள் காத்திருந்து வாங்கிய கப்ளிங்கையும் கூட்டையும் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரில் 100 மில்லிமீட்டர் புல்லியும் பம்பில் 140 மில்லிமீட்டர் புல்லியும் போட்டு, இரட்டைப் பெல்ட் மாட்டினோம். மோட்டாரின் 1440 சுற்றை 100 ஆல் பெருக்கி 140 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1029 வரும். வேகத்தைக் குறைப்பதற்கு முன்பு, அந்த வேகத்திலும் உள்ளே எண்ணெய் தெறித்துப் போதுமான அளவு பரவுமா, பெல்ட் இழுக்கும் சுமையைத் தண்டு தாங்குமா என்று பம்பின் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டோம். சுழலும் திசையையும் பார்த்தோம். புல்லியின் மேல்பகுதி தண்ணீர்த் தலையை நோக்கிச் சுற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர்கள் இடம் மாறினாலே திசை மாறிவிடும் என்பதால், பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே மோட்டாரை ஒரு நொடி ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்ப் பக்கத்தையும் அடியோடு மாற்றினேன். பெரிய துளை கொண்ட மிதவை வால்வு, எல்போக்கள் இல்லாமல் நேராக வரும் ஓரங்குலக் கம்பிச்சுருள் ஹோஸ், எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், பம்பின் வாயைவிட உயரத்தில் தொட்டி, தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச். இப்போது 20 லிட்டர் வாளி 50 விநாடியில் நிரம்புகிறது; நிமிடத்திற்கு 24 லிட்டர். பம்பு தள்ளுவதைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே வரும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை நான் என் விதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். விரிசல் விட்ட பிளஞ்சரையும் சீல்களையும் மாற்றி, பதினேழாவது முடக்க நாளின் மாலையில் ஓட்டிப் பார்த்தபோது கேஜின் முள் 120 இல் அசையாமல் நின்றது. கூழாங்கல் சத்தம் இல்லை. மோட்டார் 7.3 ஆம்பியர்தான் இழுத்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பம்பின் உலோகத்தையும் சீலையும் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணத் தண்ணீர் மட்டும் போகும் இடத்திற்குப் பித்தளைத் தலை போதும். கடைசியாகப் புள்ளி விழாமல் அலசுவதற்கு ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்துவோர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தலையைத்தான் வாங்க வேண்டும், ஏனெனில் தாது நீங்கிய தண்ணீர் பித்தளையை அரிக்கும். ஃபோமையும் அமிலம் கலந்த கழுவும் திரவங்களையும் பம்பின் வழியாக உறிஞ்ச விடாமல், பம்புக்குப் பின்னால், வெளியேறும் ஹோஸில் பொருத்தும் இன்ஜெக்டர் வழியாகக் கலப்பதுதான் பாதுகாப்பு. வேறு வழியில்லை என்றால், அந்தத் திரவத்தை எந்த ரப்பர் தாங்கும் என்று கேட்டு, அதற்கேற்ற சீல் உள்ள பம்பை வாங்க வேண்டும். எந்தப் பம்பாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன்பே அதன் சீல் கிட்டும் வால்வு கிட்டும் அங்கே கையிருப்பில் இருக்கின்றனவா என்று எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாத பம்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அது நிற்கும் நாளில் நானும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது பம்புக்கு மேலே சுவரில் ஒரு தகடு அடித்து, அழியாத மையில் எல்லா எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்: லிட்டர், பார், சுற்று, நாசில் எண், புல்லி விட்டங்கள், பெல்ட் எண், ஆம்பியர். முதல் எண்ணெயை 50 மணி நேரத்தில் மாற்றினேன், அதன் பிறகு 500 மணி நேரத்திற்கு ஒரு முறை. ஒவ்வொரு நாள் காலையும் மோட்டாரைப் போடுவதற்கு முன்பு எண்ணெய்க் கண்ணாடியின் மேல் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மாதம் ஒரு முறை நாசிலைக் கழற்றிவிட்டு வாளியில் பிடித்து நேரம் பார்க்கிறேன். 20 லிட்டர் நிரம்ப 80 விநாடி என்பது 15 லிட்டருக்கான கணக்கு, அது 90 ஐத் தொட்டால் வால்வையும் சீலையும் பிரித்துவிடுவேன். பெயர்ப்பலகை அழிந்துபோன பம்பு வைத்திருப்பவர்கள், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த வாளிக் கணக்கைப் போட்டு எழுதி வைத்துக்கொண்டால், மாற்றும் நாளில் கடைக்காரரிடம் சொல்ல அவர்களுக்கு ஓர் எண் இருக்கும்.

அடுத்ததாக இன்னொரு வண்டி நிறுத்தி கழுவ இடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கன்களையும் இதே பம்பில் மாட்டினால் 15 லிட்டர் இரண்டாகப் பிரிந்து, இரண்டிலும் வீச்சு செத்துவிடும் என்பதால், அதற்குத் தனிப் பம்பு. இன்னும் எந்தக் கடைக்கும் போகவில்லை. மிதவை வால்வுக்குக் கீழே வாளியை வைத்து, இரண்டு கன்களும் ஒரே நேரத்தில் ஓடினால் குழாய் ஈடுகொடுக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 24 லிட்டர் போதாது, என் ஒன்றரை மடங்கு விதிப்படி 45 ஆவது வேண்டும். முதலில் குழாய்தான் மாற வேண்டும்.